கையெழுத்துப் போட்டால் போதும்

1977 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவில் காது கேட்கும் கருவியை யாரும் நேரே கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது என்றானது. முதலில் மருத்துவரிடம் காதைக் காட்ட வேண்டும். அவர் பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இவருடைய காதைப் பரிசோதித்தாயிற்று, கருவி போட்டுக்கொள்ளத் தக்கவர்தான் என்று அவர் கையெழுத்திட்டுத் தரும் தாளை விற்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். விற்பவர் அதை மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கொண்டுவந்த இந்த விதி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பெரியவர்கள் விஷயத்தில் இதை இனி வற்புறுத்தப் போவதில்லை என்று 2016 டிசம்பரில் அதே நிர்வாகம் அறிவித்தது; 2022இல் விதியையே நீக்கியது. மருத்துவரை ஒதுக்கிவிட்டு வணிகருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. விதி பிறந்த கதையைப் பார்த்தால் அந்த வருத்தத்துக்கு அவ்வளவு இடமில்லை. காது நோய் பற்றிய கவலையைவிட, கருவி விற்பவர்மேல் இருந்த அவநம்பிக்கையே அதைப் பெற்றெடுத்தது. விற்பனையை நேராக ஒழுங்குபடுத்த முடியாத அரசு அந்த வேலையை மருத்துவரின் பேனாவிடம் கொடுத்தது. அந்தப் பேனா அதைச் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

அவநம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்கப் பத்திரிகைகளில் செவிட்டைப் போக்கும் சாதனங்களின் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. காதுக்குள் செருகிக்கொள்ளும் 'செயற்கைச் செவிப்பறை'கள் தபாலில் விற்றன. செவிப்பறை நன்றாக இருந்து உள்காது கெட்டவருக்கும், சீழ் வடியும் காதுக்காரருக்கும் அதே சாமான்தான் போயிற்று. யார் காதையும் யாரும் பார்க்கவில்லை. கூப்பனையும் காசையும் மட்டும் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த ஏமாற்றுகளைத் தோலுரித்துத் தனிச் சிறுநூலே வெளியிட்டது. 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டம்தான் மருத்துவச் சாதனங்களை முதன்முதலாக மத்திய அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. அப்போதும் விற்பனைக்கு முன் ஒப்புதல் தேவைப்படவில்லை. பொய்யாக விளம்பரம் செய்த பிறகு வழக்குப் போடலாம், அவ்வளவே. இதற்கிடையில் வெற்றிடக் குழாய் வைத்த மின்கருவிகள் வந்து, உண்மையாகவே வேலை செய்யும் பொருளும் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் விற்ற முறை பழையதுதான்: பத்திரிகைக் கூப்பன், வீடு தேடி வரும் விற்பனையாளர், சாப்பாட்டு மேசையில் செய்துகாட்டல், அன்றைக்கே முன்பணம்.

மருத்துவர்கள் காதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல அவர்களிடம் என்ன இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். கேள்விக் குறை பொதுவாக இரண்டு வகை. ஒலி உள்ளே போகும் வழியில், அதாவது காதுத் துளையிலோ செவிப்பறையிலோ நடுக்காதின் சிறு எலும்புகளிலோ கோளாறு இருப்பது ஒன்று. உள்காதும் நரம்பும் பழுதாவது மற்றொன்று. முதுமையில் வருவதும் இரைச்சலால் வருவதும் பெரும்பாலும் இதுதான். இரண்டாவதற்கு மருத்துவரிடம் அன்றும் மருந்தில்லை, இன்றும் பெரிதாக இல்லை. முதலாவதற்கு 1930கள் வரை அதிகம் செய்ய முடியவில்லை. பிறகு நிலைமை வேகமாக மாறியது. நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகிப்போய்க் காது கேட்காமல் ஆகும் நோய்க்கு, நியூயார்க்கில் ஜூலியஸ் லெம்பர்ட் 1938இல் ஒரே கட்டமாகச் செய்யும் அறுவை முறையை வெளியிட்டார். 1952இல் சாமுவேல் ரோசன் இறுகிய எலும்பை அசைத்துவிடும் முறைக்கு வழிகாட்டினார். 1956இல் ஜான் ஷே அந்த எலும்பையே எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு வைத்தார். பல ஆண்டுகள் காது கேளாதவர் அறுவை மேசையிலேயே பேச்சைக் கேட்ட நாட்கள் அவை. இந்தக் காலத்தில் உருவான காது மருத்துவர்களுக்கு, கத்தியால் திரும்பப் பெறக்கூடிய செவியை ஒரு விற்பனையாளர் கருவியால் மூடிவிடுகிறார் என்பது நியாயமான கோபம். ஆனால் அதே ஆண்டுகளில் பெனிசிலினும் பிற நுண்ணுயிர்க் கொல்லிகளும் நடுக்காதுச் சீழை அந்நாட்டில் வெகுவாகக் குறைத்துவிட்டன. அறுவைக்குக் காத்திருந்தவர்களின் கூட்டமும் கரைந்தது. கருவி தேடி வருபவர்களில் மருத்துவரால் குணப்படுத்தக்கூடியவர்களின் பங்கு சுருங்கிக்கொண்டே போன காலத்தில்தான், எல்லோரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் எழுதியிருந்தால் அதற்கு இன்னும் பலம் இருந்திருக்கும்.

மருத்துவர், விற்பனையாளர் என்ற இருவரோடு மூன்றாவது தரப்பும் இதற்குள் சேர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் செவி கெட்டுத் திரும்பிய வீரர்களுக்காக ராணுவ மருத்துவமனைகளில் மறுவாழ்வுப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த டெஷான் மருத்துவமனையில் ரேமண்ட் கார்ஹார்ட் செய்த வேலையிலிருந்து செவியியல் தனித் துறையாக வளர்ந்தது. கருவியை அளந்து பார்த்துப் பரிந்துரைக்கத் தெரிந்தவர்கள் இவர்களே. ஆனால் இவர்களுடைய தொழில்முறைச் சங்கத்தின் ஒழுக்க விதி, லாபத்துக்குக் கருவி விற்பதை 1970களின் இறுதி வரை தடுத்து வைத்திருந்தது. பரிந்துரைக்கத் தெரிந்தவர் விற்கக் கூடாது, விற்பவருக்குப் பட்டம் தேவையில்லை என்ற விநோதம் இப்படி உண்டானது. விற்பனையாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1951இல் சங்கம் அமைத்துத் தங்களையே 'கருவிச் செவியியலர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 1943இல் வந்த இன்னொரு குரலையும் இங்கே நினைக்கலாம். ஒரு காது கேளாத வானொலி அதிபர் யூஜின் மெக்டொனால்டு, தமது செனித் நிறுவனத்தின் மூலம் 40 டாலருக்கு ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களின் விலை 150 டாலரும் அதற்கு மேலும். வாங்குபவரே திருகி அமைத்துக்கொள்ளலாம், இதற்கு விற்பனையாளரின் வித்தை தேவையில்லை என்பது அவர் வாதம். அந்த வாதத்தை மருத்துவரும் ரசிக்கவில்லை, விற்பனையாளரும் ரசிக்கவில்லை. எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சட்டம் அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

1960களின் இறுதியில் முதியோர் நலனுக்கான செனட் குழு இந்த வணிகத்தை விசாரிக்கத் தொடங்கியது. 1965இல் வந்த முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், காது கேட்கும் கருவிக்குப் பணம் தராது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. எனவே வயதானவர்கள் முழு விலையையும் கைப்பணத்தில் கொடுத்தார்கள், ஏமாந்தால் முழுவதையும் இழந்தார்கள். 1973இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரின் ஆதரவில் இயங்கிய ஓய்வுபெற்ற தொழில்வல்லுநர் குழு, இந்த வியாபாரத்தைக் கடுமையாகச் சாடும் அறிக்கையை வெளியிட்டது. செவித்திறனை முன்பே அளந்து வைத்தவர்களைக் கடைகளுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனைகள் அந்நாட்களில் நடந்தன; கருவி தேவைப்படாதவர்களையும் வாங்கச் சொன்ன கடைகள் அகப்பட்டன. இங்கே குற்றச்சாட்டு என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையில்லாததை விற்றார்கள், விலையை ஏற்றினார்கள், திருப்பி எடுக்க மறுத்தார்கள். இவை எல்லாம் வியாபாரப் பிழைகள். இவற்றுக்கு நேரான மருந்து, வாங்கியதைச் சில வாரம் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை. மத்திய வர்த்தக ஆணையம் 1975இல் அப்படியொரு விதியை முன்மொழியவும் செய்தது. அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, நாடு முழுமைக்குமான சட்டமாகாமலே கைவிடப்பட்டது. நிறைவேறியது மற்றொன்று. 1976இல் மருத்துவச் சாதனத் திருத்தச் சட்டம் வந்து உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புதிய அதிகாரம் கொடுத்தது. 1977 பிப்ரவரியில் அந்த நிர்வாகம் தன் கைக்கு எட்டிய ஆயுதத்தை எடுத்தது. விலையைத் தொட அதற்கு அதிகாரமில்லை; மருத்துவரைக் கட்டாயப்படுத்த இருந்தது.

கட்டாயப்படுத்தியது என்பதும் முழு உண்மை இல்லை. பதினெட்டு வயது நிறைந்தவர், தமக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது இல்லாமலே கருவி வாங்கலாம் என்று விதியே வழி வைத்தது. மத நம்பிக்கையோ தனிப்பட்ட கொள்கையோ மருத்துவரிடம் போவதைத் தடுத்தால் என்று காரணமும் விளக்கப் புத்தகத்தில் அச்சிடப்பட்டது. பிரார்த்தனையால் மட்டுமே நோய் தீர்க்க வேண்டும் என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவுகள் அங்கே உண்டு. அவர்களுக்கு இந்த இடம் தேவைதான். ஆனால் வாசலை ஒருவருக்கு என்று திறந்தால் கூட்டமே அதன் வழியாகத்தான் போகும். பரிசோதனையைத் தவிர்ப்பது உங்கள் உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்று விற்பவர் சொல்ல வேண்டும், தவிர்க்கும்படி எந்த வகையிலும் தூண்டக் கூடாது என்றெல்லாம் விதி எச்சரித்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் மருத்துவரிடம் போனால் திரும்பி வராமலும் போகலாம். அந்த மேசையில் தாளை நீட்டுபவர் யார் என்று யோசித்தால் இந்த எச்சரிக்கை எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பது புரியும். காலப்போக்கில் பெரும்பாலோர் கையெழுத்திட்டுவிட்டே வாங்கினார்கள். மத நம்பிக்கைக்காக வைத்த விலக்கு, அடுக்குத் தாள்களில் ஒன்றாகி, படிக்காமல் கையெழுத்திடும் இடமாகிவிட்டது. எவர்மேல் நம்பிக்கை இல்லாததால் விதி பிறந்ததோ, அவர் கையிலேயே விதியை நிறுத்தும் சாவியும் இருந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கையெழுத்திட்டவர் போகட்டும், கையெழுத்திடாமல் மருத்துவரிடம் போன ஒரு பகுதியினரில் சிலருக்காவது காது நரம்பில் வளரும் கட்டியோ, நடுக்காதில் எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சியோ கண்டுபிடிக்கப்பட்டிருக்குமே, அந்தச் சிலருக்காக விதி இருந்திருக்கலாமே என்பது அது. மறுக்க முடியாத வாதம் போலத் தோன்றினாலும், விதி என்ன கேட்டது என்று பார்த்தால் தளர்ந்துவிடுகிறது. காது மருத்துவராக இருந்தால் நல்லது என்றுதான் அது சொன்னது. உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் கையெழுத்திடலாம். குடும்ப மருத்துவர் விளக்கை வைத்துக் காதுத் துளையைப் பார்த்தால் குறும்பி தெரியும், சீழ் தெரியும். நரம்புக் கட்டி தெரியாது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் அந்தக் கட்டியைக் கண்டுபிடிக்க இரண்டு காதுகளையும் ஒப்பிட்டு அளக்கும் சோதனையும், பிறகு எம்.ஆர்.ஐ. படமும் தேவை. இன்னொரு உதாரணம் இதைவிடக் கூர்மையானது. ஒரு காது திடீரென ஓரிரு நாளில் அடைத்துப்போவது அவசர நிலை. இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக மங்கும். அப்படிப்பட்டவருக்கு 'ஆறு மாதத்துக்குள் பார்த்தால் போதும்' என்ற விதியால் என்ன பயன்? அவருக்குச் சொல்ல வேண்டியது நாளைக்கே போங்கள் என்பது. நாற்பது ஆண்டுகளாக மெல்ல மங்கிவரும் எழுபது வயதுக்காரருக்கு அந்த அவசரமே இல்லை. விதி இருவரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தது.

சரி, பயன் குறைவு, ஆனால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். ஒருமுறை போய் வருவதில் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் விதியைச் சுற்றி எழுந்த அமைப்பில் இருந்தது. மருத்துவரின் தாளையோ விலக்குத் தாளையோ வாங்கிக் கோப்பில் வைக்க விற்பனையாளர் ஒருவர் வேண்டும் என்றானதால், கருவி பெரும்பாலும் ஆள் வழியாகவே விற்றது; மாநிலங்கள் அதன்மேல் தங்கள் கட்டுப்பாடுகளைச் சேர்த்தன. கருவியின் விலையும் அதைப் பொருத்தித் தருபவரின் கூலியும் ஒன்றாகக் கட்டப்பட்டு, எது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாமல் போனது. கணிப்பொறியும் கைப்பேசியும் மலிந்துகொண்டே வந்த காலத்தில் ஒரு காதுக் கருவியின் சராசரி விலை 2,400 டாலர் அளவில் நின்றதை, அதிபருக்கான அறிவியல் தொழில்நுட்ப ஆலோசகர் குழு 2015 அக்டோபரில் சுட்டிக்காட்டியது. தேவைப்படுபவர்களில் 15 முதல் 30 சதவீதத்தினரே அதை வைத்திருந்தார்கள். 2016 ஜூனில் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் நீண்ட அறிக்கை தந்து, பெரியவர்களுக்கான கட்டாயப் பரிசோதனையும் அதைத் தவிர்க்கும் தாளும் மருத்துவப் பயன் எதையும் தரவில்லை, எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தன. அரசு அந்த ஆண்டே அசைந்தது. 2017 ஆகஸ்டில், செனட்டர்கள் எலிசபெத் வாரனும் சக் கிராஸ்லியும் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்துகொண்டே சேர்ந்து கொண்டுவந்த கடை விற்பனைச் சட்டம் நிறைவேறியது. ஐந்தாண்டு கழித்து, 2022 அக்டோபர் 17 முதல், லேசான அல்லது நடுத்தரக் கேள்விக் குறை உள்ள பெரியவர்கள் வாசிப்புக் கண்ணாடி வாங்குவது போலக் கடையில் கருவி வாங்கிக்கொள்ளலாம் என்றானது.

1977 விதியில் இவ்வளவுக்கும் நடுவே ஒரு நல்ல பொருள் இருந்தது. யாரை மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்று எட்டு அறிகுறிகளை அது பட்டியலிட்டு, விற்பவர் இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும் என்றது. பிறவியிலோ காயத்தாலோ காது உருக்குலைந்திருப்பது, தொண்ணூறு நாளுக்குள் காதிலிருந்து ஏதாவது வடிந்திருப்பது, அதே காலத்துக்குள் திடீரென அல்லது வேகமாகக் கேள்வி குறைந்திருப்பது, ஒரு காதில் மட்டும் புதிதாகக் குறைந்திருப்பது, தலைசுற்றல், வலி, துளையை அடைத்த குறும்பி அல்லது வேறு பொருள், காற்று வழியும் எலும்பு வழியும் அளந்த கேள்விக்கு இடையே 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் அல்லது அதற்கு மேல் வித்தியாசம். பொதுக் கட்டாயத்தைவிட இந்தச் சிறு பட்டியலில்தான் மருத்துவ அறிவு இருந்தது. ஆனால் அது பெரிய விதியின் நிழலில் கிடந்தது. விலக்குத் தாளில் கையெழுத்து விழுந்ததும் பட்டியலும் சேர்ந்து மறக்கப்பட்டது. எல்லோரையும் அனுப்பு என்பதற்குப் பதிலாக, இந்த எட்டில் ஒன்று இருந்தால் விலக்கே கிடையாது என்று 1977இல் எழுதியிருந்தால் விதி சிறியதாகவும் உறுதியாகவும் இருந்திருக்கும். மதச் சுதந்திர வாதத்துக்கு அப்போதும் ஒரு இடம் விட வேண்டியிருக்கும். ஆனால் அது நூற்றுக்கு ஒருவர் போகும் வழியாக இருந்திருக்கும்.

2022 விதி, கடையில் நேரே விற்கும் கருவிகளுக்கு, அந்தப் பட்டியலை விற்பவரிடமிருந்து எடுத்துக் கருவிப் பெட்டியின் மேல் அச்சிடச் சொன்னது. மாறிய விதம் கவனிக்கத் தக்கது. தொண்ணூறு நாள் ஆறு மாதமாக நீண்டது. சீழோடு ரத்தமும் நீரும் சேர்ந்தன. ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்பதும், கேள்வி ஏறி இறங்குவதும் புதிதாக வந்தன. இவை எல்லாம் முன்னேற்றம்தான். எட்டில் ஒன்று மட்டும் காணாமல் போனது: அந்த 15 டெசிபல் வித்தியாசம். அதை அளக்க ஆடியோமீட்டரும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் நிற்பவர் தம் எலும்பு வழிக் கேள்வியை எப்படி அறிவார்? இறுகிய அங்கவடி எலும்பை வலியோ சீழோ காட்டிக்கொடுப்பதில்லை, இந்த அளவுதான் காட்டிக்கொடுக்கும். ஷே குணப்படுத்தியவர்களைப் போன்ற நோயாளி இனிப் பெட்டியின் எச்சரிக்கையில் அகப்படமாட்டார். குறும்பியும் அப்படியே: தம் காதுத் துளையை யாரும் தாமே பார்க்க முடியாது என்பதால், முன்பு குறும்பி சேர்ந்திருந்ததா, உள்ளே ஏதோ இருப்பது போல உணர்கிறீர்களா என்று கேட்கும்படி வாசகம் மாறியது. கருவியின் ஒலிக்கு 111 டெசிபல் என்றும், உள்ளே வரும் ஒலிக்கேற்பச் சுருக்கும் வசதி இருந்தால் 117 என்றும் உச்ச வரம்பு வைத்திருப்பதால் கருவியே காதைக் கெடுக்கும் அபாயம் குறைவு. கண்டுபிடிக்காமல் விட்ட நோய் என்ற அபாயம் குறைவாக இருந்தாலும் இருக்கிறது. பழைய விதியின் ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது சரியாகவே சொல்கிறார்கள். அவர்கள் மறப்பது, பழைய முறையிலும் விலக்குத் தாளில் கையெழுத்திட்டவருக்கு அந்த அளவை எடுக்க வேண்டும் என்று மத்திய விதி எங்கும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பற்றி இங்கே வாதிட ஒன்றுமில்லை. அவர்களுக்கு விலக்குத் தாள் 1977இலும் கிடையாது, கடை விற்பனைக் கருவி 2022லும் கிடையாது. குழந்தைக்குக் காது கேட்காததன் காரணம் தெரியாமல் கருவி மாட்டுவது பேச்சு வளரும் ஆண்டுகளோடு விளையாடுவது; இதில் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இந்த அமெரிக்க முடிவை வேறு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மருத்துவரைப் பார்த்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது என்ற அவர்களுடைய வாதம், நடுக்காதுச் சீழ் அரிதாகிவிட்ட ஒரு மக்கள்தொகையின் எண்ணிக்கையில் நிற்கிறது. இந்தியா அப்படி இல்லை. நாள்பட்ட நடுக்காதுச் சீழ் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில்தான் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை வைத்தது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து, மழைக்காலத்திலும் சளி பிடித்த போதும் காது வடிந்து, பஞ்சு செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே அதிகம். வடியும் காதில் அச்செடுத்த அடைப்பை இறுக்கி மாட்டினால் காற்று புகாமல் சீழ் கூடும், செவிப்பறையைத் தைத்து மூடும் அறுவை தள்ளிப்போகும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளை வாங்குபவர்களுக்கு அந்தப் பெட்டி வாசகம் ஆங்கிலத்தில்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டியலின் இரண்டாவது வரி, காதிலிருந்து ஏதாவது வடிகிறதா என்பது, அமெரிக்கக் கடையில் எப்போதாவது ஒருவரை நிறுத்தும். இங்கே மாவட்ட மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு வரிசையில் அதற்காகவே வந்து நிற்கிறார்கள்.